ஜனவரி முப்பது

என் பிறந்த தேதி ஒரு குமாஸ்தா வைத்தது. 1931-இல் அரியமங்கலம் பக்கத்தில் ஓர் இரும்புப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தபோது, "எந்தத் தேதியில பொறந்தே?" என்று கேட்டார். மணப்பாறைப் பக்கத்துக் காட்டுக்காரன் தேதியைக் கண்டானா? "தை மாசம் நடுவுலன்னு ஆத்தா சொல்லும்" என்றேன். விரல் விட்டுப் பார்த்து, வீரமலை என்ற என் பெயருக்கு எதிரே ஜனவரி 30 என்று எழுதிக்கொண்டார்.

என் மனைவி வேலம்மாளுக்கு அது பெரிய வேடிக்கை. "கம்பெனி பெத்த புள்ளைக்குப் பொறந்தநாளு" என்று வருஷா வருஷம் கேசரி கிளறுவாள். 1948-இல் கேசரித் தட்டோடு உட்கார்ந்திருந்தபோதுதான் காந்தியைச் சுட்டுவிட்டார்கள் என்று தெருவில் கத்திக்கொண்டு ஓடினார்கள். தட்டை மூடி வைத்தாள். அதற்கப்புறம் கிளறவே இல்லை. "ஊரே துக்கத்துல கெடக்குது, உங்களுக்கு இனிப்பு கேக்குதா?" என்பாள்.

1962 ஆடியில் அவளும் போய்விட்டாள். பிள்ளைகுட்டி இல்லை.

எங்கள் பட்டறையில் ரிட்டயர் ஆகிறவருக்கு மாலை போட்டு, மேளம் கொட்டி, கேட்டிலிருந்து வீடு வரை எல்லாரும் நடந்தே கொண்டுபோய் விடுவோம். இருபது பேருக்காவது நான் முன்னால் நடந்திருக்கிறேன். என் முறை எப்போது வரும் என்று காத்திருந்தேன், பொய் சொல்வானேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், தெருவே என்னைப் பார்க்க வேண்டும்.

1963-இல், குமாஸ்தா எழுதின கணக்குப்படி வயது முடிந்து, அந்த நாள் வந்தது. ஜனவரி முப்பது.

காலையிலேயே ஃபோர்மேன் தர்மராஜ் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"அண்ணே, காந்தி செத்த நாளாச்சே, இன்னிக்கு மேளம் அடிச்சா நல்லா இருக்காதுங்க. நாளைக்கு வச்சுக்கலாமா?"

"நாளைக்கு என்னைய கேட்டுக்குள்ள விடுவாங்களா தம்பி?"

வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு அந்தக் குமாஸ்தா மேல்தான் ஆத்திரம். நடு மாசம் என்று சொன்னவனுக்கு ஒரு நாள் முன்னே பின்னே எழுதியிருக்கக் கூடாதா? எழுதின மனுஷனும் செத்து எத்தனையோ காலம்.

பதினொரு மணிக்குச் சங்கு ஊதியது. லேத்துகள் நின்றன, சுத்தியல்கள் நின்றன, உலைச் சத்தமும் அடங்கியது. நூற்றைம்பது பேர் தலை குனிந்து நின்றார்கள். நான் மட்டும் நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். முப்பத்திரண்டு வருஷத்தில் இந்தப் பட்டறை எனக்காக ஒரு நிமிஷம் நின்றதில்லை. இதுவும் எனக்காக இல்லை. இருந்தாலும் எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் தர்மராஜ் வாழையிலையில் சுற்றிய மாலையைக் கையில் கொடுத்து, "வீட்டுல போய்ப் போட்டுக்கங்கண்ணே" என்றார். தனியாகத்தான் நடந்தேன். எல்லாரும் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள்.

பூட்டைத் திறந்தேன். தன் மாலையைத் தானே போட்டுக்கொள்ள யாருக்குத்தான் மனசு வரும்? வேலம்மாள் படத்துக்குப் போட்டேன்.

"இன்னிக்கு எப்படி இருந்துச்சுன்னு கேக்க மாட்டியா? பட்டறையே நின்னுபோச்சுடி. அம்புட்டுப் பேரும் ரெண்டு நிமிஷம் மூச்சு விடாம நின்னாங்க."

யாருக்காக என்று அவளிடம் சொல்லவில்லை.