நாலாம் வகுப்புப் புயல்

நாலாம் வகுப்பு வரவு இடாப்பில் பதினெட்டாம் இலக்கத்தில் இருந்தது ஒரு புயல். முழுப் புயல் அல்ல. கார்த்திகைக் கடைசியில் மட்டக்களப்பையே போட்டுப் புரட்டிய பெரும் புயலில் மிஞ்சிய துண்டு, ஒரு மாட்டு வண்டி கொள்ளுமளவு. பழுகாமத்துக்கு அப்பால் வாவிக்கரையில் இருக்கும் சின்னப் பள்ளிக்கூடத்தில், கடைசி வாங்குக்கு மேலே அது மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் மழையைப் பிடிக்கக் கீழே ஒரு பேசின் வைத்திருந்தார்கள். கணிதப் பாடத்தில் அடங்கி இருக்கும், சங்கீதப் பாடத்தில் கொப்பிகளைப் பறக்கவிடும். மற்றப்படி அதனால் யாருக்கும் தொந்தரவில்லை.

அது வந்த விதம் இதுதான். வெள்ளம் ஏறியபோது நாற்பத்தொரு குடும்பங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கின. அங்கே ஆசிரியர் விடுதியில் குடியிருந்தவர் நாலாம் வகுப்பு மேர்லின் டீச்சர் ஒருவர்தான். மற்ற ஆசிரியர்கள் இரண்டு மணிக்கே, ஊரார் பாதை என்று சொல்லும் மிதவையில் ஏறி அக்கரைக்குப் போய்விடுவார்கள். டீச்சருக்கு அக்கரையில், புளியந்தீவில், பூட்டிக்கிடக்கும் ஒரு வீடு உண்டு. புருசன் இறந்து ஆறு வருடம். மகன் அன்ரோ கனடாவில். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து நிமிடம் பேசுவான், அதில் நாலு நிமிடம் அங்கத்தைய குளிரைப் பற்றி. அப்படிப்பட்ட மனுசிக்கு அந்த ஒன்பது நாட்களும் திருநாள். பெரிய கிடாரத்தில் சோறு வெந்தது, வகுப்பறை தோறும் குழந்தைகள் அழுதன, வெல்லாவெளிப் பக்கம் வயல் செய்யும் அன்னப்பூரணி டீச்சரின் பாயில் பாதியைப் பிடித்துக்கொண்டு குறட்டை விட்டாள். வெள்ளம் வடியக்கூடாது என்று டீச்சர் மாதாவிடம் கேட்டார். கேட்டபிறகு வெட்கப்பட்டார், பாவம். ஆனாலும் மறுநாளும் கேட்டார்.

பத்தாம் நாள் வெள்ளம் வடிந்தது. அந்தப் பக்கத்தில் யாரும் போறன் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை, அது தரித்திரம். நாற்பத்தொரு குடும்பமும் படலையில் நின்று, "போயித்து வாறம் டீச்சர்" என்றது. அவரும் நாற்பத்தொரு தடவை, "போயித்து வாங்க" என்றார். எல்லோருக்கும் பின்னால் ஒரு கடைசிக் காற்று வளவைச் சுற்றிக்கொண்டு புறப்பட்டது. வாய்ப்பழக்கம், அதற்கும் அதையே சொல்லிவைத்தார். தை மாதம் தவணை தொடங்கிய அன்று காலை ஏழரைக்கு, யன்னல் வழியாக அது வந்து சேர்ந்தது. சொன்ன சொல்லுக்கு வந்தது அது ஒன்றுதான்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று ஊரார் சொல்லிப் பார்த்தார்கள். புயலுக்கு அதெல்லாம் யார் படிப்பித்தது? வகுப்பில் இருப்பதை இடாப்பில் பதியாமல் விடக்கூடாது என்று வலயக் கல்வி அலுவலகத்துப் பாஹிம் சேர் எழுதினார். பிறப்புப் பத்திரமும் கேட்டார். பிறந்த இடம் வங்காள விரிகுடா என்று டீச்சர் நிரப்பி அனுப்பினார். அங்கீகரித்துக் கடிதம் வந்தது. சுற்றாடல் கழகப் பிள்ளைகள் வெட்டிய போத்தலும் அடிமட்டமும் வைத்து மழையை அளந்தார்கள். பேசின் தண்ணீரை, வெள்ளம் அள்ளிக்கொண்டுபோன கரையில் நட்ட கண்டல் கன்றுகளுக்கு ஊற்றினார்கள். டீச்சர் தினமும் எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்து வட்சப் குழுமத்தில் செய்தி போட்டார். 'புயல் வந்துள்ளது. மழை ஆறு மில்லிமீற்றர். பின்னம் படிப்பித்தோம். கண்டல் இரண்டு இலை விட்டிருக்கிறது.' வெள்ளத்துக்கு வந்து தங்கியவர்களும் சேர்ந்து குழுமத்தில் அறுபத்துமூன்று பேர். அறுபத்துமூன்று பேரும் பார்த்தார்கள். ஒருவரும் பதில் எழுதவில்லை.

பள்ளி விட்டு, பாதையும் போனபிறகு டீச்சரும் புயலும்தான். கொப்பி திருத்தியபடியே அதனிடம் பேசுவார்: அன்ரோவுக்குச் சின்னதில் இடி என்றால் பயம், புருசனுக்கு இறால் சொதி என்றால் உயிர். புயல் மழையை நிறுத்திவிட்டுக் கேட்கும். கேட்க ஒரு காது கிடைத்தால் மனுசர் என்ன, புயல் என்ன?

ஆடியில் கச்சான் காற்று நெருப்பாக வீசியது. குளத்துத் தண்ணீர் வாய்க்காலின் கடைசி வயல் வட்டைக்கு எட்டவில்லை. கதிர் தள்ளும் நேரத்தில் பயிர் சுருண்டது. ஏழு மாதத்துக்குப் பிறகு அன்னப்பூரணி படலையைத் திறந்துகொண்டு வந்தாள். வந்தவள் டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை, முகட்டைப் பார்த்தாள்.

"டீச்சர், உங்கட புயல ஒரு பத்து நாளைக்குத் தாங்களன். வட்டை காஞ்சு கிடக்கு."

"இது என்ன உரலா உலக்கையா, இரவல் குடுக்க?"

"மழை இஞ்ச மட்டுந்தான பெய்யுது."

"ஒம்பது நாள் என்ட பாயில படுத்தீங்க அன்னம். வாறம் எண்டுதானே போனீங்க? எனக்கு இருக்கிறது இது ஒண்டுதான். இதையும் கேட்டு வந்திருக்கீங்க."

"பிழைதான் டீச்சர். நினைக்கிறதுதான். வயல், வீடு, புள்ளைகள் எண்டு நாள் போயித்து." அன்னப்பூரணி வாங்கில் குந்தியிருந்து அழுதாள். "இந்தப் போகமும் போனா நாங்க சோத்துக்கு என்ன செய்யுற?"

டீச்சர் எழுந்து யன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். புயல் அசையவில்லை. வாசற்கதவையும் திறந்தார். வழக்கமான அந்த இரண்டு சொல்லைச் சொல்ல அவருக்குப் பயமாக இருந்தது. நாற்பத்தொரு தடவை சொல்லி ஏமாந்த சொல். கடைசியில், "போயித்து வா" என்றார். அது பேசினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அன்னப்பூரணியின் தலைக்கு மேலால், அவளை நனைத்துக்கொண்டு போயிற்று.

கடைசி வட்டையில் மட்டும் பன்னிரண்டு நாள் மழை பெய்தது. வரம்புக்கு இந்தப் பக்கம் புழுதி, அந்தப் பக்கம் தவளை. பள்ளிக்கூடத்தில் பேசின் காய்ந்தது. டீச்சர் பின்னேரங்களில் வாய் திறக்கவில்லை. சுவரோடு பேசும் அளவுக்கு இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டார். பதினெட்டாம் இலக்கத்துக்கு நேரே கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன. மேற்பார்வைக்கு வந்த பாஹிம் சேர் அதில் விரலை வைத்தார்.

"வரல்ல எண்டா சைபர் போடணும் டீச்சர்."

"வாறன் எண்டு போயிருக்கு, சேர்."

அவர் டீச்சரின் முகத்தைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாதைக்கு நடந்தார்.

பதின்மூன்றாம் நாள் காலை ஏழரைக்கு, உடம்பெல்லாம் சேறும் நெல்லுத் தாளும் ஒரு தவளையுமாகப் புயல் யன்னல் வழியாக ஏறியது. ஒரு கூடையளவுக்கு மெலிந்திருந்தது. டீச்சர் பிள்ளைகளுக்கு முன்னாலேயே விம்மி அழுதார். பிறகு செய்தி போட்டார். 'புயல் வந்துள்ளது. மழை இரண்டு மில்லிமீற்றர். களைத்திருக்கிறது.' அறுபத்துமூன்று பேரும் பார்த்தார்கள். அறுவடை முடிந்த கிழமை அன்னப்பூரணி முதன்முதலாகப் பதில் எழுதினாள்: 'நல்ல விளைச்சல் டீச்சர். ஒரு நாளைக்கு வாறம்.' அதை டீச்சர் புயலுக்கு வாசித்துக் காட்டினார். அன்றைக்கு உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போட்டார். அந்தச் சோறு மறுநாள் காகத்துக்குப் போனது.

வருடக் கடைசியில் தேர்ச்சி அறிக்கை எழுதவேண்டி வந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரைதான் உண்டு. அதற்குப் பிறகு பிள்ளைகள் பாதை ஏறி அக்கரைப் பெரிய பள்ளிக்கூடங்களுக்குப் போய்விடுவார்கள். பதினேழு பேரையும் டீச்சர் வகுப்பேற்றினார். புயலுக்குச் சுற்றாடலில் தொண்ணூற்றெட்டு, ஒழுக்கம் மிக நன்று, வரவு திருப்தி. எல்லாம் எழுதிவிட்டு, குறிப்பு என்ற இடத்தில் பேனையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, 'நாலாம் வகுப்பிலேயே இன்னும் ஒரு வருடம் இருக்கட்டும்' என்று எழுதினார். அதற்குப் பெற்றார் என்று யாரும் வந்து கேட்கவில்லை, வலயமும் ஆட்சேபிக்கவில்லை. தை பிறந்து புதிய இடாப்பு வந்தது. முதலாம் இலக்கத்தில் புயலின் பெயர் இருக்கிறது.