துடைப்பக் கட்டைக்குக் கீழே ஒரு தலை

எர்மேத்தேவுக்குக் கோபம் வந்தால் கையிலிருக்கும் சுத்தியல் பறக்கும். அவர் மகள் நீவெஸுக்குக் கோபம் வந்தால் கையிலிருக்கும் ஊசி கீழே இறங்கும். அன்று காலை பட்டறையில் சுத்தியலும் பறந்தது, ஊசியும் இறங்கியது. இத்தாலியின் மோதெனா நகரில் பனிமூட்டம் இன்னும் விலகாத மார்ச் மாதம். மெக்கானிக் ஒரெஸ்தே மட்டும் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, ஏற்கெனவே துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

சண்டை ஒரு இரும்பு வளைவைப் பற்றி. நான்கு சக்கரமும் வெளியே தெரிய, ஓட்டுபவன் தலை காற்றில் நிற்க, தரையோடு தரையாகப் பாயும் பந்தயக் கார்களைக் கட்டுவதுதான் அந்தப் பட்டறையின் பிழைப்பு. ஓட்டுபவனின் தலைக்குப் பின்னால் குழாயை வளைத்து நிறுத்தியிருப்பார்கள். கார் குப்புறக் கவிழ்ந்தால் அந்த வளைவு தரையில் முட்ட வேண்டும், தலை முட்டக் கூடாது. அதற்கு இருக்கும் ஒரே வேலை அதுதான். எர்மேத்தே கட்டிய காரிலோ, லியார்கோ ஏறி உட்கார்ந்தால் அவன் ஹெல்மெட் வளைவுக்கு மேலே எட்டிப் பார்த்தது. லியார்கோ அந்தக் காரை ஓட்டுபவன். நீவெஸின் புருஷன்.

"நாலு விரக்கடை ஒசத்துங்கப்பா. வேற ஒண்ணும் கேக்கல" என்றாள் நீவெஸ்.

"ஒசத்தினா அது காரா? ஒட்டகம்டி! மூக்குலேருந்து வால் வரைக்கும் ஒரே இழுப்புல வந்த கோடு. அதுக்கு நடுவுல துணி காயப்போடற கம்பியை நட்டு வைக்கச் சொல்றியா?"

"அந்தக் கோட்டுக்கு மேல அவன் தலை நிக்குதே, அது பரவாயில்லையா?"

"தலைக்கு ஹெல்மெட் இருக்கு. உருண்டையா இருக்கு. கோட்டோட போகுது."

அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. மனுஷன் மனதாரச் சொன்னார். அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான். பெண் பார்க்கப் போனவர்கள் மூக்கு சரியில்லை, நெற்றி அகலம் என்று குறை சொல்வதுபோல, காப்பிக் கடையில் நின்றுகொண்டு கார்களைக் குறை சொல்வார்கள். எந்தக் கார் வேகமாக ஓடியது என்பதை மறந்துவிடுவார்கள், எது அசிங்கமாக இருந்தது என்பதை மறக்க மாட்டார்கள். எர்மேத்தேவின் இந்தக் காரை மட்டும் ஒருவரும் குறை சொன்னதில்லை. அலுமினியத் தகட்டை அவரே தட்டித் தட்டி வளைத்திருந்தார். முன்பு அதை ஓட்டியவன் குள்ளன். அவன் தலை வளைவுக்குக் கீழே அடங்கியிருந்தது, எந்தத் தொல்லையும் இல்லை. அவன் வேறு அணிக்குப் போன பிறகு இந்த நெட்டைக் கொக்கு வந்து சேர்ந்தான்.

லியார்கோ அதுவரை பாலாடைக்கட்டி லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். 'மாமனார் வீட்டுச் சீதனத்துல பந்தயம் ஓட்டறான்' என்று அவன் காதுபடவே பேசினார்கள். அதனால் அவன் எதையும் கேட்டு வாங்காத மாப்பிள்ளையாக இருந்தான். இருக்கை குத்தினாலும் சொல்ல மாட்டான், பிரேக் பிடிக்காவிட்டாலும் மெதுவாகத்தான் சொல்வான். வளைவு விஷயத்திலும் மாமனார் பக்கமே நின்றான்.

"நீ சொல்லேன்" என்று நீவெஸ் அவனைப் பிடித்து உலுக்கினாள்.

"காரு நல்லாத்தானே இருக்கு, நீவெஸ். பாக்க அவ்ளோ அழகா இருக்கு. எனக்காக எதுக்கு அதைக் கெடுக்கணும்?"

எனக்காக எதுக்கு என்று அவன் கேட்டது அவளுக்குத்தான் வலித்தது, அவனுக்கு அல்ல.

அந்த வருஷம் பந்தயச் சங்கம் புதிதாக ஒரு விதி கொண்டுவந்திருந்தது. வளைவின் உச்சியிலிருந்து காரின் முன்மேடு வரை ஒரு நீளக் கட்டையைச் சாய்த்து வைப்பார்கள். ஓட்டுபவனின் ஹெல்மெட் கட்டைக்குக் கீழே இருக்க வேண்டும். கட்டையில் முட்டினால் கார் பந்தயத்துக்குப் போகாது. நல்ல விதிதான். ஆனால் விதி வந்த மறுநாளே அதற்கு ஒரு வழியும் வந்துவிட்டது. எர்மேத்தே மகளைக் கூப்பிட்டு இருக்கை மெத்தையைத் தனியாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி தைக்கச் சொன்னார். பரிசோதனைக்கு மெத்தை வெளியே, பந்தயத்துக்கு மெத்தை உள்ளே. அந்தப் பட்டறையில் தோல் வேலை, தையல் வேலை எல்லாம் நீவெஸுடையது. திட்டிக்கொண்டேதான் தைத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பரிசோதனைக்கு வந்தவர் பஸ்ஸோலி. தொப்பை குலுங்கச் சிரிப்பவர், எல்லாருக்கும் வேண்டியவர். கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த துடைப்பக் கட்டை. மெத்தையை எடுத்த பிறகும் லியார்கோ உயரமாகத்தான் இருந்தான். அதனால் இடுப்பை முன்னால் தள்ளி, முதுகை வளைத்து, தாடையை நெஞ்சில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. பஸ்ஸோலி கட்டையை வைத்தார். கட்டைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் ஒரு காகிதம் நுழையும், அவ்வளவுதான்.

"என்னப்பா லியார்கோ, காலையில காப்பிக் கடையில பாத்தப்ப பனைமரமா நின்ன? தண்ணியில நனைச்சதுல சுருங்கிட்டியா?"

"கல்யாணம் ஆனா எல்லாரும் குனியத்தானே வேணும்!" என்று நெஞ்சுக்குள்ளிருந்து பதில் சொன்னான் லியார்கோ.

சுற்றி நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். எர்மேத்தேவும் சிரித்தார். பஸ்ஸோலி காரின் மூக்கில் முத்திரைச் சீட்டை ஒட்டிவிட்டு அடுத்த காருக்கு நகர்ந்தார். அங்கே நின்ற ஒருவருக்காவது விஷயம் தெரியாமல் இருந்ததா? எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் சிரித்தார்கள்.

லியார்கோ எழுந்து கழுத்தை நீவிக்கொண்டே வந்து, மெத்தையோடு நின்ற நீவெஸிடம் கை நீட்டினான். "மெத்தையைக் குடு."

"மாட்டேன். கட்டைக்கு எப்படி உக்காந்தியோ அப்படியே ஓட்டு."

"அப்படி உக்காந்தா முன் சக்கரத்துக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியாதுடி. திருப்பம் வந்தா எங்கன்னு ஒடிப்பேன்?"

"அப்ப ஓட்டாத."

"விளையாடாத நீவெஸ். எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். உன் தலையைத் தவிர மத்த எல்லாத்தையும் நல்லாப் பாக்கறாங்க இங்க."

அவன் மெத்தையைப் பிடித்து இழுத்தான். அவள் இடுப்புப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, தானே தைத்த தையலை நீளமாகக் கிழித்தாள். உள்ளேயிருந்த குதிரைமுடி கொத்துக்கொத்தாகத் தரையில் விழுந்தது. லியார்கோ அவளையே பார்த்தான். சத்தம் போட்டிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் விறுவிறுவென்று நடந்து எதிர்ப்பக்கத்துப் பார்வையாளர் மேட்டில் போய் நின்றுகொண்டாள். முதுகு வலிக்கும், கண் மறைக்கும், பின்தங்கிப் போவான், திட்டுவான். திட்டட்டும், ராத்திரி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து திட்டட்டும் என்று நினைத்தாள்.

கொடி விழுந்தது. முதல் சுற்று முடிந்து கார்கள் கும்பலாக வந்தன. லியார்கோவின் சிவப்புக் காரை அவள் கண் உடனே பிடித்தது. வளைவு கறுப்பு, ஹெல்மெட் வெள்ளை. கறுப்புக்கு மேலே வெள்ளை நன்றாகத் தெரிந்தது.

மெத்தை இல்லாமல் அவன் எப்படி அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறான்? மேட்டிலிருந்து இறங்கி, பாலத்தைக் கடந்து, கார் அணிகள் நிற்கும் சுவரோரம் ஓடினாள். எல்லாரும் கழுத்துவரை பொத்தானைப் போட்டுக்கொண்டு நிற்கும் குளிரில் அவள் அப்பா வெறும் சட்டையோடு நின்று கத்திக்கொண்டிருந்தார். "மூணாவதா வர்றான்டி! உன் புருஷன் மூணாவதா வர்றான்!"

"அப்பா, உங்க கோட்டு எங்க?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு ஓட்டப்பாதையைப் பார்த்தார்.

"கோட்டு எங்கப்பா?"

"அவன்தான் கேட்டான்" என்றார் எர்மேத்தே. அவர் குரல் அப்படி இறங்கி அவள் கேட்டதே இல்லை. உடனே அவரே சொன்னார்: "இல்ல, அவன் கேக்கல. நான்தான் மடிச்சுக் குடுத்தேன்."

அவரை உலுக்க அவளுக்கு நேரமில்லை. ஓட்டுபவனுக்குச் செய்தி காட்டும் பலகையை ஒரெஸ்தேவின் கையிலிருந்து பிடுங்கி, 'உள்ளே வா' என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதி, சுவருக்கு மேலே எக்கி நீட்டினாள். லியார்கோ வந்தான். பார்த்தான். ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். சரி, இந்தச் சுற்றோடு வருகிறேன் என்று அர்த்தம். அவள் பலகையைக் கீழே இறக்காமலே நின்றாள்.

அந்தச் சுற்றில் சிவப்புக் கார் வரவில்லை.

சக்கரங்கள் மூடாத கார்களில் ஒரு சாபம் உண்டு. பின்னால் வருபவனின் முன்சக்கரம் முன்னால் போகிறவனின் பின்சக்கரத்தில் ஏறினால், சுழல்கிற சக்கரம் பின்னால் வந்தவனைத் தூக்கி வீசிவிடும். லியார்கோவை அப்படித்தான் வீசியது. நீவெஸ் போய்ச் சேர்ந்தபோது கார் குப்புறக் கிடந்தது. ஆறேழு பேர் சேர்ந்து அதைப் புரட்டினார்கள். அவனை வெளியே எடுத்தார்கள். கண் திறந்திருந்தது. "கையைக் காணோம், நீவெஸ்" என்றான். இரண்டு கைகளும் அவன் உடம்போடுதான் இருந்தன. அவள் அவற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் ஒரெஸ்தே காருக்குள் கைவிட்டுப் பழுப்புக் கோட்டை இழுத்து எடுத்தான். நான்காக மடித்தது, மடிப்புக் கலையாமல் வந்தது. வளைவின் மேல் பூசிய கறுப்புப் பெயின்டில் ஒரு கீறல்கூட இல்லை. அது தரையைத் தொடவே இல்லை. பாரம் முழுவதையும் அவன் கழுத்துதான் தாங்கியிருந்தது.

பொலோஞ்ஞா ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தான். உயிர் தங்கியது, கழுத்துக்குக் கீழே எதுவும் அவன் பேச்சைக் கேட்கவில்லை. பஸ்ஸோலி பூங்கொத்தோடு வந்து கதவோரமே நின்று அழுதுவிட்டுப் போனார். எர்மேத்தே காரைப் பட்டறை மூலையில் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினார். நீவெஸ் அப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள். பேசினால் என்ன சொல்வாள்? கொன்றுபோட்டீர்களே என்று சொல்வதற்கும் இல்லை, அவன்தான் உயிரோடு இருக்கிறானே.

அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த சக்கர நாற்காலி சரிப்படவில்லை. அவன் உயரத்துக்கு அதன் முதுகு தோளோடு நின்றுவிட்டது. தலை பின்பக்கம் தொங்கியது. நீவெஸ் தலையணைகளைக் கயிற்றால் கட்டிப் பார்த்தாள், அதுவும் நிற்கவில்லை.

அடுத்த வாரம் எர்மேத்தே ஒரெஸ்தேவின் வண்டியில் ஒரு நாற்காலியை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். கனமான குழாய், வெல்டிங் தழும்புகளைத் தேய்க்கக்கூட இல்லை. பின்னால் வளைவு எழும்பி, எழும்பி, ஆள் உயரத்துக்கு நின்றது. முன்னால் சாப்பாட்டுத் தட்டு வைக்க ஒரு பலகை. அவர் வாழ்நாளில் கட்டியதிலேயே அசிங்கமான பொருள் அதுதான். "இதுக்கு மெத்தை வேணும்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். நீவெஸ் ஊசியைக் கையில் எடுத்தாள். குதிரைமுடி அடைத்து, நல்ல தடிமனாகத் தைத்தாள்.

ஒரெஸ்தேவும் அவளுமாக லியார்கோவைத் தூக்கி உட்காரவைத்தார்கள். எர்மேத்தே சமையலறைக்குள் போனார். கதவுக்குப் பின்னாலிருந்த துடைப்பத்தை எடுத்து, அடிப்பக்கத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் கட்டையோடு வந்தார். வளைவின் உச்சியிலிருந்து முன்பலகை வரை அதைச் சாய்த்து வைத்தார். பிறகு முழங்காலிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மாப்பிள்ளையின் தலை கட்டைக்குக் கீழே இருந்தது. நடுவில் தாராளமாக நாலு விரக்கடை இடம்.

"நல்லாப் பாத்துக்குங்க மாமா" என்றான் லியார்கோ. "இந்தத் தடவை நான் குனியல."

எர்மேத்தே எழுந்திருக்கவில்லை. கட்டையை வளைவிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். நீவெஸ் போய் அதை வாங்கிக்கொண்டாள்.