பள்ளிக்கு வேண்டாம்

பன்னிரண்டு வருடமாக எங்கள் தமிழ்ப் பள்ளிக்குத் தாள் கொடுத்தவன் நான். கடையில் வாங்கிக் கொடுத்ததில்லை. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹேக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுகிறேன். எந்த வேலையைத் தொடங்கினாலும் மை சரியாகப் பிடிக்கும்வரை முதல் இருநூறு முந்நூறு தாள் பழுதாகத்தான் போகும். ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெள்ளை. குளியலறைச் சாமான் பட்டியலோ வைன் விளம்பரமோ, எதுவாக இருந்தாலும் அதை அளவாக வெட்டிக் கட்டி சனிக்கிழமை பள்ளிக்குக் கொண்டுபோவேன். பிள்ளைகள் வெள்ளைப் பக்கத்தில் ஆனா ஆவன்னா எழுதுவார்கள். என்னைப் பேப்பர் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். போன ஆண்டு விழாவில் பொன்னாடை வேறு போர்த்தினார்கள். நானும் வெட்கமில்லாமல் குனிந்து கொடுத்தேன்.

வெட்கம் என்ற சொல்லை இவ்வளவு சீக்கிரம் எழுதியிருக்கக் கூடாது. எழுதியாயிற்று, இருக்கட்டும்.

நாலு வருடத்துக்கு முன் எங்கள் அச்சகத்துக்கு வில்ட்ஹாகன் என்று ஒரு பதிப்பாளர் வந்தார். நரைத்த தாடி, தணிந்த குரல். வரும்போதெல்லாம் பிளம்ஸ் கேக் கொண்டுவருவார். தாளைத் தடவிப் பார்ப்பார், மணந்து பார்ப்பார். "திரு. கதிர்காமநாதன், உங்களைப் போலக் கறுப்பு மையை ஓட்ட இந்த வட்டாரத்தில் ஆள் இல்லை" என்பார். இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தைந்து வருடத்தில் என் பெயரை முழுதாக, பிசகாமல் சொன்ன முதல் ஜெர்மன்காரர் அவர்தான். அதில் நான் விழுந்துவிட்டேன்.

அவர் போடுகிற புத்தகங்கள் என்ன என்று கேட்கிறீர்களா? பழைய காலத்து வெறுப்புப் பிரசுரங்களைத் தேடி எடுப்பார். புதிதாக எழுதுகிறவர்களையும் பிடித்துவைத்திருந்தார். தெருவில் நின்று கத்தினால் பொலிஸ் பிடிக்கிற பேச்சுக்குத் துணி அட்டை கட்டி, பட்டு நாடா வைத்து, படித்த மனிதர் வீட்டு அலுமாரிக்குப் போகிற மாதிரி ஆக்குவதுதான் அவர் தொழில். ஊத்தையைக் குளிப்பாட்டிச் சட்டை போட்டுவிடுகிற வேலை. சட்டை தைத்தவன் நான்.

தெரியாமல் தைத்தேன் என்று சொல்லமாட்டேன். 'ஒழுங்கான புறப்பாடு' என்ற புத்தகத்தை முதல் தடவை ஓட்டியபோது, மத்தியானம் சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு தாளை எடுத்துப் பார்த்தேன். வெளிநாட்டார் எல்லாரையும், பாஸ்போர்ட் எடுத்தவர்களையும் சேர்த்து, எந்த ஒழுங்கில் திருப்பி அனுப்புவது என்று அதில் திட்டம் போட்டிருந்தது. பக்கம் நூற்றுப் பதினாலில் இப்படி இருந்தது: 'அமைதியாக உழைப்பவர்களும் போகத்தான் வேண்டும். அவர்களுடைய நல்ல நடத்தை நம்மை ஏமாற்றிவிடக் கூடாது.'

வாசித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தேன். பிறகு சாப்பிட்டேன். சோறு இறங்கியது. இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியாதது அதுதான்.

தொண்ணூற்றிரண்டில் நாங்கள் இருந்த அகதி விடுதியின் ஜன்னலுக்குள் ஓர் இரவு எரிகிற பெற்றோல் போத்தல் வந்து விழுந்தது. நனைந்த கம்பளியால் அடித்து அணைத்தோம். விடிந்ததும் வாசலில், வெளிநாட்டார் வெளியேற வேண்டும் என்று ஒரு துண்டுப் பிரசுரம் கிடந்தது. மனைவி ரஞ்சினி பக்கத்தில் நிற்க, "இதை அச்சடிச்சவன்ரை கை அழுகிப் போக!" என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டினேன். எறிந்தவனைத் திட்டவில்லை. அச்சடித்தவனைத்தான் திட்டினேன்.

"எழுதியவர் எழுதுகிறார். நான் பதிப்பிக்கிறேன், அவ்வளவுதான். வாசகர் முடிவெடுக்கட்டும்" என்பார் வில்ட்ஹாகன். அவர் பதிப்பிக்கிறார், நான் அடிக்கிறேன், அவ்வளவுதான் என்று நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். பென்ஷனுக்கு இன்னும் மூன்று வருடம் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டேன்.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன். அந்தாளின் பழுதான தாளைப் பள்ளிக்குக் கொண்டுபோகமாட்டேன். கழிவுத் தொட்டிக்குத்தான் போகும். ஆனால் வெள்ளைப் பக்கம் மேலே கிடந்தால் எல்லாக் கட்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். அதனால் மேல்தாளில் தடித்த பேனையால் 'பள்ளிக்கு வேண்டாம்' என்று எழுதிவைப்பேன். தமிழில்தான். ஜெர்மனில் எழுதினால் முதலாளி ஏன் என்று கேட்பார். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது என்பதே என் ஏற்பாடு.

இந்த ஆனியில் கோயில் தேருக்கு ஒரு கிழமை லீவு போட்டேன். என்னோடு வேலை செய்கிற யூர்கன் நல்ல மனுசன், இருபது வருடப் பழக்கம். நான் இல்லாத கிழமையில் பிள்ளைகளுக்குத் தாள் இல்லாமல் போய்விடுமே என்று, தமிழ் எழுத்திருந்த கட்டைத் தேடி எடுத்து, வெட்டி, தன் காரிலேயே கொண்டுபோய்ப் பள்ளியில் இறக்கியிருக்கிறான். தமிழில் எழுதியிருந்தால் அது தமிழ்ப் பள்ளிக்குத்தானே? அவனில் என்ன பிழை?

தேர் முடிந்து வந்த சனிக்கிழமை எனக்கு இது ஒன்றும் தெரியாது. பெற்றோருக்கு ரோல்ஸ் பொரித்து விற்கிற ரஞ்சினியோடு பள்ளி நடையில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். வழக்கமாகக் காது கிழிகிற வகுப்பில் சத்தமே இல்லை. ஆசிரியை சிவமலர் வெளியே வந்தாள்.

"அண்ணை, ஒருக்கா உள்ள வாங்கோ."

பன்னிரண்டு பிள்ளைகள். ஒருவரும் எழுதவில்லை. எல்லாரும் தாளைத் திருப்பிப் பிடித்திருந்தார்கள். தமிழை எழுத்துக் கூட்டுகிற பிள்ளைகள்தான், ஆனால் ஜெர்மன் அவர்களுக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி. பதினொரு வயதுத் தேனுஜா எழுந்து நின்று நூற்றுப் பதினாலாம் பக்கத்தை ஜெர்மனில் உரக்க வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மாமா, இது எங்களையே சொல்லுது? எங்கட அப்பாவும் அமைதியா வேலை செய்யிறவர்தானே?"

பின்னால் பெற்றோர் கூடிவிட்டார்கள். "பாவம், கதிர் அண்ணைக்கு உந்த ஜெர்மன் எல்லாம் விளங்குமே? மெஷினுக்குள்ளால வந்ததை அப்பிடியே கட்டிக்கொண்டு வந்திருப்பார்" என்றார் ஒருவர். அந்த மனிதரின் குடியுரிமை விண்ணப்பத்தை ஜெர்மனில் நிரப்பிக் கொடுத்தவன் நான். அது அவருக்கும் தெரியும். என்றாலும் எல்லாரும் தலையாட்டினார்கள். என்னைத் தப்பவைக்கப் பார்த்தார்கள்.

நானும் தப்பப் பார்த்தேன். "ஓம், நான் கவனிக்கேல்லை" என்றேன்.

தேனுஜா கட்டின் மேலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். யூர்கன் எழுத்தை வெட்டாமல் பார்த்து வெட்டியிருந்தான். அவள் விரல் வைத்துக் கூட்டி வாசித்தாள். "பள்... ளிக்கு... வேண்... டாம்." பிழையில்லாமல் வாசித்த சந்தோஷம் ஒரு கணம் முகத்தில் வந்தது. பிறகு போய்விட்டது.

"இது உங்கட கையெழுத்து மாமா. பொங்கல் வாழ்த்தில எழுதுற அதே எழுத்து. தெரியாட்டி ஏன் வேண்டாம் எண்டு எழுதினனீங்கள்?"

ரஞ்சினி கையில் இடுக்கியோடு வாசலில் நின்றாள். எல்லாருக்கும் முதல் அவளுக்கு விளங்கிவிட்டது.

"தெரியும்" என்றேன். "நாலு வருசமாத் தெரியும். அதுதான் இஞ்சை கொண்டுவரேல்லை."

அப்படிச் சொன்னால் கொஞ்சம் நல்லவனாகத் தெரிவேன் என்று நினைத்தேன் போலும்.

"அப்ப மற்ற ஆக்களுக்கு மட்டும் அடிச்சுக் குடுக்கலாமோ?" என்று கேட்டாள் தேனுஜா. கோபமாகக் கேட்கவில்லை. விளங்காத கணக்கைக் கேட்பதுபோல்தான் கேட்டாள்.

சிவமலர் தாள்களைச் சேகரித்தாள். வீடு போகும்வரை ரஞ்சினி ஸ்டியரிங்கில் இருந்த என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை 'ஒழுங்கான புறப்பாடு' மூன்றாம் பதிப்பு, பத்தாயிரம் பிரதி. வில்ட்ஹாகன் கேக்கோடு வந்திருந்தார். அவர் முன்னாலேயே முதலாளியிடம், இதை நான் ஓட்டமாட்டேன் என்றேன். வில்ட்ஹாகன் கோபிக்கவில்லை. "உங்களைப் போன்றவர்களை நாங்கள் சொல்லவில்லையே, திரு. கதிர்காமநாதன்" என்றார். ஒரு எழுத்தும் பிசகவில்லை.

"சொல்லியிருக்கிறீர்கள். பக்கம் நூற்றுப் பதினாலு."

"அது ஆசிரியரின் கருத்து" என்று சிரித்தார்.

முதலாளி என்னை மடிப்பு இயந்திரத்துக்கு மாற்றினார். வேலையை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. யூர்கன் ஓட்டினான். நான் இல்லாமல் கறுப்பு வெளிறிப் போகும் என்று உள்ளுக்குள் நம்பியிருந்தேன். அருமையாக வந்தது. அந்தக் கறுப்பை எப்படி ஓட்டுவது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

அடுத்த சனிக்கிழமை கடையில் தாள் வாங்கிக்கொண்டு போனேன். இரண்டு பக்கமும் வெள்ளை. சிவமலர் வாங்கிக்கொண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். பேப்பர் மாமா என்று யாரும் கூப்பிடவில்லை. நான் வாசலில் நின்று பார்த்தேன்.

தேனுஜா தாளை எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தாள். பக்கத்துப் பிள்ளையும் அப்படியே செய்தது. பிறகு அதற்குப் பக்கத்துப் பிள்ளையும். பன்னிரண்டு பிள்ளைகளும் நான் கொடுத்த தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுதத் தொடங்கினார்கள்.