வீட்டுக்கு அழைத்துச் செல்பவர்: பெயர், உறவு

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. கனடாவில், வின்னிபெக் நகரப் பேருந்தின் ஜன்னலோர இருக்கையில் யாரோ விட்டுப்போயிருந்தார்கள். ஒரு மூலை பனித்தண்ணீரில் நனைந்திருந்தது. தாடை அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் நிரப்ப வேண்டியது. ஒரே ஒரு பகுதியைத் தவிர எல்லாம் நிரப்பியாகிவிட்டது.

"சிகிச்சைக்குப் பின் உங்களை வீட்டுக்கு அழைத்துச் சென்று, முதல் இரண்டு நாட்கள் உடனிருப்பவர்: பெயர், உறவு, தொலைபேசி எண். டாக்சி ஓட்டுநரை ஏற்க இயலாது."

கடைசி வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். யாரோ டாக்சி ஓட்டுநரின் பெயரை எழுதிக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், அதனால்தானே அதை அச்சடிக்க வேண்டி வந்தது. அந்த யாரோவைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "லோர்னா தீசனின் கீழ்த்தாடை, கரை தட்டிய படகின் முனையைப் போல—"

[வேண்டாம். தாடை தாடைதான்.]

இரண்டாவது: "நாற்பத்தொரு வயதில் ஒரு காலை, லோர்னா கண்ணாடியின் முன்னால்—"

[கண்ணாடி முன்னால் பெண்ணை நிறுத்துகிற வேலையை இதோடு விட்டேன்.]

மூன்றாவது: "லோர்னாவால் ஒரு சாண்ட்விச்சைக் கடிக்க முடியாது."

இது பரவாயில்லை. அவளுடைய கீழ்ப்பல் வரிசை மேல்வரிசைக்கு முன்னால் நிற்கிறது. முன்பற்கள் ஒன்றோடொன்று சேருவதே இல்லை. கடித்து இழுத்தால் உள்ளே இருக்கும் இறைச்சித் துண்டு முழுசாக வாயோடு வந்துவிடும், கையில் ரொட்டி மட்டும் நிற்கும். அதனால் அலுவலக விருந்துகளில் "சாப்பிட்டுட்டு வந்துட்டேன்" என்பாள். மதியம் தன் காரில் உட்கார்ந்து, கத்தியால் துண்டு துண்டாக நறுக்கித் தின்பாள். பின்பற்களால் மென்று மென்று, நான்கு மணிக்கெல்லாம் காதுக்குக் கீழே வலி பிடித்துக்கொள்ளும்.

வேலை, நகராட்சியின் தொலைபேசிப் பிரிவில். தெருவில் பனி அள்ளவில்லை என்று திட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். எடுத்ததும் கேட்பது, "உங்க பேரு?" ஒரு நாளைக்கு எண்பது பெயர்.*

* இந்த வேலையைத் தேர்ந்தெடுத்தது கதை அமைப்புக்காக என்று நினைக்காதீர்கள். நான்காம் பகுதியில் சொல்கிறேன்.

3

பல் மருத்துவர் புஷார் கையில் லோர்னாவின் பல் அச்சை வைத்துக்கொண்டு பேசுகிறார்.

"ரெண்டு வழி இருக்கு லோர்னா. வெறும் கிளிப் போட்டு, மேல்பல்லை முன்னாடியும் கீழ்ப்பல்லைப் பின்னாடியும் சாய்ச்சுச் சமாளிக்கலாம். பாக்க நல்லா இருக்கும். எலும்பு இருந்த எடத்துலயேதான் இருக்கும்."

"கடிக்க முடியுமா?"

"கொஞ்சம். வலி போயிரும்னு மட்டும் வாக்குக் குடுக்க மாட்டேன்."

"இன்னொரு வழி?"

"ஆபரேஷன். அதுக்கும் மொதல்ல கிளிப்தான். ஆனா பல்லை எதிர்ப்பக்கமா இழுப்போம். ஒன்றரை வருஷம், இப்ப இருக்கிறதை விட மோசமாத் தெரியும். அப்புறம் எலும்பை வெட்டி, நகர்த்தி, தகடு வெச்சு முடுக்கிருவாங்க. ஆறு வாரம் சூப்புதான்."

"நடுவுல மனசு மாறினா?"

"ரெண்டும் எதிரெதிர் தெசை. பாதி வழில திரும்புறது கஷ்டம். வியாழக்கெழம கம்பி மாட்டறோம், அதுக்குள்ள சொல்லிருங்க."

"நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"யோசிக்கவே மாட்டேன், ஆபரேஷன்தான். என் பொண்டாட்டி சூப்பு நல்லா வைப்பா" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

லோர்னா அந்த நாற்காலியிலேயே முடிவு செய்துவிட்டாள். ஒரு ஆப்பிளை நறுக்காமல் கடிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. வெளியே வந்தபோது, முன்மேசையில் இருந்த ட்ரூடி படிவத்தை நீட்டினாள்.

"பேரு இல்லாம ஆபரேஷன் வரிசைல சேக்க மாட்டாங்க. அம்மா, அண்ணன், ஃபிரெண்டு, யாரா இருந்தாலும் சரி."

"டாக்சி..."

"டாக்சி கூடாது" என்று வாக்கியம் முடிவதற்குள் சொன்னாள் ட்ரூடி. பழக்கம் போலிருக்கிறது.

4

இங்கே நிறுத்திவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். படிவம் பேருந்தில் கிடைக்கவில்லை. என் சமையலறை மேசையில் இருக்கிறது. அந்த மூலையை நனைத்தது தேநீர். தாடை என்னுடையது, தொலைபேசி வேலை என்னுடையது, காரும் கத்தியும் என்னுடையவை. லோர்னா தீசன் என்பது ஒரே நாளில் என்னைத் திட்டிய இரண்டு பேரின் பெயர்களை ஒட்டிச் செய்தது.

அம்மா இறந்து ஆறு வருடமாகிறது. அண்ணன் ஹாலிஃபாக்ஸில் இருக்கிறான். கிறிஸ்துமஸ் அன்று கூப்பிட்டு "அங்க குளிரா?" என்பான். ஆமாம் என்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டத்துக்காக ஏழு பேரை உண்டாக்கினேன். கல்லூரித் தோழி ஒருத்தி, நாய் வளர்க்கும் சித்தி, விவாகரத்தான பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். நல்ல பாத்திரங்கள், நன்றாகப் பேசினார்கள். ஒருவருக்கும் வண்டி ஓட்டத் தெரியவில்லை.

ஆகவே வியாழக்கிழமை, வெறும் கிளிப் என்று சொல்லிவிடுவதாக இருந்தேன். ஏன் என்று டாக்டர் கேட்டால் ஆபரேஷனுக்குப் பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். அது மரியாதையான காரணம்.

5

எங்கள் குடியிருப்பில் என் வண்டி நிற்கும் இடம் பதினாலு. பக்கத்தில் பதினைந்து. பதினொரு குளிர்காலமாக, யார் பேட்டரி செத்தாலும் மற்றவர் கேபிளோடு வந்து வண்டியைக் கிளப்பிவிடுவார். அவர் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயர் அவருக்கும் தெரியாது.

முதல் குளிர்காலத்தில் கேட்டிருக்க வேண்டும். இரண்டாவதில் கேட்டிருந்தாலும் சிரித்துச் சமாளித்திருக்கலாம். பதினொன்றாவதில் போய்க் கேட்டால், இத்தனை நாளும் உங்களை ஓர் ஆளாகவே நினைக்கவில்லை என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அவரும் இதே கூச்சத்தில்தான் இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

இன்று புதன்கிழமை. காலை ஏழே முக்கால், மைனஸ் முப்பத்திநாலு.

"என்ன பதினாலு, வண்டி போய்ச் சேந்துருச்சா?"

"இல்ல, மொனகுது. உசுரு இருக்கு."

"நேத்து ராத்திரி இன்ஜின் சூடாக்குற ஒயரைச் சொருகலையா?"

"மறந்துட்டேன்."

"மறப்பீங்க. நவம்பர்ல நான் மறந்ததுக்கு மட்டும் எத்தன வாட்டி சொல்லிக் காட்டினீங்க!"

"இன்னும் முடிக்கல. இன்னைக்கு மத்தியானம்கூட ஒரு தடவ சொல்லலாம்னு இருந்தேன்."

அவர் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினார். ஒரே இழுப்பு. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கேபிளை மாட்டினார், என் வண்டி இருமியது, ஓடத் தொடங்கியது.

6

முடிவு (அ): நான் நன்றி சொல்கிறேன். நாளை வெறும் கிளிப். இரண்டு வருடம் கழித்து எல்லோரும் "சிரிப்பு நல்லா இருக்கே" என்கிறார்கள். நான் காரில் உட்கார்ந்து நறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

முடிவு (ஆ): பதினைந்து தனியாள் என்று தெரிகிறது, சூப்பு வைக்கிறார், வசந்தம் வரு—

[அடித்துவிட்டேன். அவருக்கு நாய் இருக்கிறது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். பின்சீட்டு முழுக்க முடி.]

நடந்தது இது. அவர் கேபிளைச் சுருட்டிக்கொண்டு "பாத்துப் போங்க பதினாலு" என்று திரும்பினார். படிவம் என் கோட்டுப் பையில் இருந்தது. ஒரு நாளைக்கு எண்பது தடவை கேட்கிற கேள்விதான்.  

"உங்க பேரு என்ன?"

அவர் சிரிக்கவில்லை. தன் பெயரைச் சொன்னார். நானும் என் பெயரைச் சொன்னேன், லோர்னா இல்லை. இருவரும் ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்ட மாதிரி நின்றோம்.

"எதுக்குக் கேட்டீங்க?"

என் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். "ஒரு ஆபரேஷன் பண்ணிக்கணும். முடிஞ்சதும் என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய், ரெண்டு நாள் கூட இருக்க ஒரு ஆளு வேணும். எனக்கு யாருமில்ல."

கடைசி இரண்டு சொற்களை எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன்.

பெயர் என்ற கட்டம் இனி காலியில்லை. உறவு என்ற கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. அவர் என்ன சொன்னார் என்பதை நான் எழுதப்போவதில்லை. எழுதத் தெரியாமல் இல்லை. ஏழு பேருக்கும் நானே வாய் கொடுத்து, நானே பதில் சொல்லி, அலுத்துவிட்டது. இந்த ஒரு பதிலையாவது வேறு யாராவது சொல்லட்டும்.

நீங்கள்தான் பதினைந்து. ஒரு கையில் கேபிள், இன்னொரு கையில் உறை இல்லை, விரல் மரத்துக்கொண்டு வருகிறது. உங்களுக்கும் வேலைக்கு நேரமாகிறது. பதினொரு வருடமாகப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிற ஒருத்தி இப்படிக் கேட்டுவிட்டு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு நிற்கிறாள்.

சொல்லுங்கள்.