இரண்டு அங்குலப் பொய்

ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக் குழுவில் தையல்காரம்மாவும் ஒரு உறுப்பினர். சிறுபான்மைச் சனங்களைப் பற்றி ஆராய்ந்தால் மட்டும் போதாது, அவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவாம். அதனால் நம்மவர்கள் குடியிருக்கும் மூன்று தெருவிலிருந்து ஐந்து பெண்களைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். இரண்டு கூட்டம் நடந்தது. ஐவரும் தலையாட்டினார்கள். பிஸ்கட் நன்றாயிருந்தது.

மூன்றாவது கூட்டத்தன்று தையல்காரம்மா பிஸ்கட்டைத் தொடவேயில்லை. பள்ளி வேன் ஓட்டும் அவள் நாத்தனாருக்கு இந்த ஆராய்ச்சியில்தான் ரத்தக் கொதிப்பு என்று சொல்லியிருந்தார்கள். அந்த அசடு சீட்டை அப்படியே முதலாளியிடம் நீட்ட, அவர் வேன் சாவியை வாங்கிவைத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா வேற ஆள் போட்டுடுவாராம் அண்ணி" என்று அழுதாள், பாவம்.

டாக்டரம்மா திரையில் படம் காட்டினார். "உங்க தெருக்கள்ல பாதிப் பேருக்குக் கொதிப்பு. மத்த இடத்தைவிட ரெண்டு மடங்கு. ஏன்னுதான் புரியல. மனக்கவலைதான் காரணமா இருக்குமோ?"

"எங்க மாமியாரை ஆராய்ச்சி பண்ணுங்க, புரிஞ்சிடும்" என்றாள் ஐவரில் ஒருத்தியான பேக்கரிக்காரி.

தையல்காரம்மாவோ மேசைமேல் கிடந்த கொதிப்பு பார்க்கும் கைப்பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது யார் கைக்குங்க?"

"உங்களுக்குத்தான். அளந்தா கூச்சப்படுவீங்கன்னு மேல்கைச் சுற்றளவைப் படிவத்துல நீங்களே எழுதச் சொன்னோம். எல்லாருமே பதிமூணு அங்குலத்துக்குள்ள. அதுக்கு ஏத்த பட்டை இது."

"கை அதைவிடப் பெரிசா இருந்தா?"

"கொதிப்பு இல்லாதவங்களுக்கும் இருக்குன்னு காட்டும்."

தையல்காரம்மாவுக்கு விஷயம் புரிந்துபோயிற்று. மூன்று தெருவுக்கும் துணி தைப்பவள் அவள். அளவெடுக்கும்போது வாய் பதிமூன்று என்னும். கத்தரி பதினைந்துக்கு வெட்டும். இருபது வருஷத் தொழில் ரகசியம் அது. உடைத்தால் ஒருத்தி கடைப்பக்கம் வருவாளா? வராவிட்டால் போகட்டும், பாழாய்ப்போன பிழைப்பு! நாத்தனார் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு என்ன தையல் வேண்டிக் கிடக்கிறது?

எழுந்து நின்றாள். "டாக்டரம்மா, அந்த அளவெல்லாம் நான் சொன்னது. பொய். ஆளுக்கு ரெண்டு அங்குலம் குறைச்சுச் சொல்லியிருக்கேன்."

மற்ற நால்வரும் தத்தம் கையைப் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்குமா?" என்றாள் பேக்கரிக்காரி.

"உனக்கு மூணு."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. மறுநாளே பெரிய பட்டைகள் வந்தன. அளக்கும் வேலை தையல்காரம்மாவுக்கு. அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: திரைக்குப் பின்னால் அளக்க வேண்டும், அளவை யாரும் சத்தமாகப் படிக்கக் கூடாது. டாக்டரம்மா அதையும் விதிமுறையில் எழுதிக்கொண்டார். மறுபடி பார்த்ததில் பலருக்குக் கொதிப்பே இல்லை. பேக்கரிக்காரிக்கு நிஜமாகவே இருந்தது. திட்டிக்கொண்டே மாத்திரை வாங்கிப் போனாள்.

வியாழக்கிழமை நாத்தனார் வந்தாள். நர்ஸ் இரண்டு முறை பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குக் கொதிப்பெல்லாம் ஒண்ணுமில்ல."

நாத்தனார் ஓவென்று அழுதாள். தையல்காரம்மாவும் அழுதாள். அழுது முடித்ததும் நாத்தனார் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"என் கை நிஜமா எவ்வளவு அண்ணி?"

தையல்காரம்மா தயங்கினாள். "பதினஞ்சரை."

நாத்தனார் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "முப்பது பிள்ளைங்களை ஏத்திட்டு ஸ்டியரிங் பிடிக்கிற கை அண்ணி. பதினஞ்சரை இருந்தாத்தான் என்ன?" என்றவள், சாவி கேட்க ஓடினாள்.