தொண்ணூற்றொன்றில் நின்ற குரல்

முதல் நாள் அண்ணனின் குரல் மடை திறந்த வெள்ளமாக இறங்கியது. அடுத்த நாள் குழாய்த் தண்ணீர் ஆனது. பிறகு சொட்டு. இன்று காலையிலிருந்து அந்தச் சொட்டும் இல்லை. திரையில் பச்சைக் கோடு தொண்ணூற்றொன்று சதவீதத்தில் ஆணி அடித்தாற்போல நின்றது.

அவன் தங்கை சின்னவள் இதற்கெல்லாம் அசந்து போகிற ஆள் இல்லை. இணைய இணைப்பு கொடுக்கும் அலுவலகத்தில் நாள் முழுக்க ஊராரின் வசவைக் காதில் வாங்குவதுதான் அவள் பிழைப்பு. மோடத்தை அணைத்துப் போட்டாள். வயரை மாற்றினாள். பாதுகாப்பு மென்பொருள் வழிமறிக்கிறதா என்று பார்த்தாள். படமோ பாட்டோ திறந்தால் பறந்து வந்தது. அண்ணனின் குரல் மட்டும் நகரவில்லை.

நாளைக்குள் அது முழுசாக வந்தாக வேண்டும். தொண்டை அறுவை சிகிச்சைக்கு முன்னால் அண்ணன் நாள்கணக்கில் உட்கார்ந்து தன் குரலைப் பதிவு செய்து வைத்திருந்தான். அறுவைக்குப் பின் அவன் வாயில் மிஞ்சியது வெறும் காற்று. அவன் தட்டச்சு செய்வதை அவன் குரலிலேயே பேசும் கருவியைச் செய்து தருகிறேன் என்று ஒரு நிபுணர் ஒப்புக்கொண்டிருந்தார். "முன்னால இருக்கிறதெல்லாம் செய்தித்தாள் வாசிப்பு. கடைசியில பேசியிருக்கிறதுதான் எனக்கு முக்கியம். சிரிப்பு, கோபம், கூப்பிடறது எல்லாம் அதுலதான் இருக்கு" என்று சொல்லியிருந்தார்.

பெரிய தொகுப்பு. அண்ணனின் மடிக்கணினியிலிருந்து ஏழு வீட்டு உறவுகளும் துண்டு துண்டாக இறக்கிக்கொள்ளவும், வந்த துண்டைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளவும் சின்னவள்தான் ஏற்பாடு செய்திருந்தாள். ஒரு வீட்டில் போனாலும் இன்னொரு வீட்டில் இருக்கும் அல்லவா.

மாமாவைக் கூப்பிட்டாள். குடும்பத்தில் அவருக்கு ஒலிபெருக்கி என்று பெயர். கைப்பேசியைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, உங்களுக்கு எவ்வளவு வந்திருக்கு?"

"தொண்ணூத்தொண்ணு! மோடத்தைத் தட்டிப் பார்த்தேன், குலுக்கியும் பார்த்தேன்!"

"அது என்ன இருமல் மருந்தா மாமா, குலுக்கறதுக்கு?"

"சிரிக்காதே. உங்க ஆபீஸ் லட்சணம் அப்படி!"

அத்தையிடம் கேட்டாள். சித்தப்பாவிடம் கேட்டாள். மூத்த அக்காவிடம் கேட்டாள். எல்லோருக்கும் தொண்ணூற்றொன்று. ஏழு வீட்டிலும் ஒரே நேரத்தில் வயர் கெடாது. மறுபடி மாமாவை அழைத்தாள்.

"மாமா, எல்லாருக்கும் எப்படி ஒரே இடத்துல நிக்குது?"

"வரிசையா இறக்குன்னு அதுல ஒரு பொத்தான் இருந்தது. எல்லாரையும் அமுக்கச் சொன்னேன். முதல்லேருந்து கேட்டுக்கிட்டே வரலாமே! நீகூட அமுக்கினியே?"

அமுக்கியிருந்தாள். அண்ணனின் குரலைக் கேட்கும் அவசரம். முழுத் தொகுப்பும் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று காட்டும் இடத்தை அப்போதுதான் பார்த்தாள். பூஜ்ஜியம். அண்ணனின் மடிக்கணினிகூட அந்தக் கணக்கில் இல்லை.

அடித்துப் பிடித்து பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த அண்ணிக்கு வாயெல்லாம் பல்.

"வாடி, வாடி. சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறே?"

"அண்ணன் லேப்டாப் ஓடுதா அண்ணி?"

அண்ணி உள்ளறையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அதுல இருந்த பேச்சை எல்லாம் அழிச்சுட்டேன். அவர்கிட்ட சொல்லிடாதே. மத்தவங்க இறக்கற வரைக்கும் லேப்டாப்பைத் தொடக் கூடாதுன்னு அவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

"அழிச்சுட்டீங்களா?"

"பின்னே? விடிஞ்சதும் ஹெட்போனை மாட்டிக்கிட்டு உட்கார்ந்துடுவார். தன் பேச்சைத் தானே கேட்டுக் கேட்டு அழுவார். ஒரு வாய் சோறு இறங்கல. என்னால பார்க்க முடியலடி. அதான் ஏழு வீட்டுப் பேரும் பச்சையா எரிஞ்சுதே, எல்லார்கிட்டயும் பத்திரமா இருக்கும்ல?"

சின்னவள் மடிக்கணினியைப் பிடுங்கித் திறந்தாள். குப்பைத் தொட்டியும் காலி. மீட்டெடுக்கும் செயலியை ஓடவிட்டாள். கோப்புகளின் பெயர்கள் வந்தன. உள்ளே ஒரு மூச்சுகூட இல்லை.

"ஆளுக்கொரு பக்கத்துலேருந்து கடிச்சிருந்தா, எல்லாத்தையும் சேர்த்து ஒட்டியிருக்கலாம் அண்ணி. ஏழு பேரும் ஒரே ஓரத்துலேருந்து கடிச்சுக்கிட்டு வந்திருக்கோம். மறு ஓரம் யார்கிட்டயும் இல்ல."

அண்ணிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "யார்கிட்டயுமேவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

உள்ளறை வாசலில் அண்ணன் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று இருவருக்கும் தெரியவில்லை. அவன் முகத்தில் ரத்தமே இல்லை. வாயைத் திறந்தான், சீறலாய்க் காற்று வந்தது. கழுத்தில் தொங்கிய சின்னப் பலகையை எடுத்தான்.

அண்ணி அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். "கடைசியில என்னங்க பேசியிருந்தீங்க?"

அவன் எழுதினான்: உன்கிட்டதான். அறுவைக்கு முந்தின ராத்திரி, நீ தூங்கின பிறகு.

"என்ன சொன்னீங்க? எழுதுங்க. எதுவா இருந்தாலும் எழுதுங்க!"

அவன் பேனாவைப் பலகையில் வைத்தான். அது நகரவில்லை. நெற்றியைச் சுருக்கினான், கண்ணை மூடி யோசித்தான். பிறகு அந்த இரண்டு பெண்களையும் மிரண்டுபோய்ப் பார்த்தான். பயத்தில் மணிக்கணக்காகப் பேசியது; அதை மட்டும் திரும்பக் கேட்க அவன் துணிந்ததே இல்லை. அதில் ஒரு வரிகூட அவனுக்கு நினைவுக்கு வரவில்லை.