ஆணியில் தொங்கிய சாவிகள்

மேலாளர் சுருக்கமாகத்தான் சொன்னார். "நாலு மணிக்குள்ள எழுதிக் கொடுங்க. சொன்ன வேலைய மூணு தடவை செய்ய மாட்டேன்னான். அது போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

எழுதிக் கொடுத்தால் சட்டத்துக்கு வேலை போய்விடும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

சட்டம் என்பது அவன் பெயர் இல்லை. இந்த ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் சேர்ந்த முதல் வாரமே, எதற்கெடுத்தாலும் "இது முறை இல்லீங்க" என்று சொல்லி அவனே சம்பாதித்துக்கொண்ட பட்டம். முப்பத்தைந்து வயது, இரண்டு பெண் குழந்தைகள், சேர்ந்து நாலு மாதம். நான் இங்கே இருபத்தாறு வருஷமாகத் துணி துவைக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன்புதான் பொறுப்பாளர் ஆக்கினார்கள். பொறுப்பு என்றால் பெரிய படை இல்லை. சட்டம், என் தங்கை புருஷன், இஸ்திரி போடுகிற அம்மா, இந்த மூன்று பேர்தான்.

எனக்கு யாரையும் எளிதில் நம்ப வராது. சட்டம் என் நாற்காலிக்குக் குறி வைக்கிறான் என்று பொறுப்பு கைக்கு வந்த அன்றே முடிவு கட்டிவிட்டேன். மற்றவர்கள் இயந்திரத்துக்குள் புகுந்து வியர்வை வடிக்கும்போது இவன் ஸ்விட்ச் போர்டு பக்கம் சாய்ந்து நிற்பான். வேலை செய்யாமல் நிற்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது என்று நினைத்தேன்.

எங்கள் இயந்திரங்கள் பழசு. ஒரு ஆள் முழுசாக உள்ளே போய் உட்காரலாம், அவ்வளவு பெரிய உருளை. படுக்கை விரிப்பு கிழிந்து ஓரத்தில் சிக்கினால் யாராவது உள்ளே போய் இழுக்க வேண்டும். கதவு திறந்திருந்தால் ஓடாதபடி வைத்த ஸ்விட்ச் எப்போதோ கெட்டுப்போயிற்று. அதனால் உள்ளே போகிறவன் போர்டில் உள்ள கைப்பிடியை இறக்கி மின்சாரத்தை நிறுத்தி, தன் பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவான். அவன் வெளியே வந்து திறக்கும் வரை கைப்பிடியை யாரும் தூக்க முடியாது.

இதில் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டான். அரை நாள் இயந்திரம் நின்றது. அதற்கப்புறம் எல்லாப் பூட்டுக்கும் மாற்றுச் சாவி வாங்கி, போர்டுக்குப் பின்னால் ஒரு ஆணியில் மாட்டினேன். அன்றைக்கு எல்லாரும் என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள்.

சட்டம் மறுத்தது அதற்காகத்தான்.

மேலாளர் சொல்லிவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில், காலை பத்து மணிக்கு, இரண்டாம் நம்பர் இயந்திரத்தில் துணி சிக்கிக்கொண்டது. அறுவை அறைக்குப் பச்சைத் துணி போயாக வேண்டும்.

"உள்ள போப்பா," என்றேன்.

"அந்தச் சாவிக் கொத்தக் கழட்டுங்க, போறேன்."

என் தங்கை புருஷன் தள்ளுவண்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். "மச்சான், தொரைக்கு மாலை போட்டு மேளத்தோட கூப்பிட்டாத்தான் உள்ள போவாரு போல."

"அவரு வீட்ல அண்டாவுக்கும் பூட்டுதான்," என்றாள் இஸ்திரி அம்மா.

சட்டம் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "நீங்க எத்தன தடவ வெளிய வந்தும் பூட்ட எடுக்காம டீ குடிக்கப் போயிருக்கீங்க? யாரோ ஒருத்தர் அந்தச் சாவிய எடுத்துத் தெறக்குறாங்க. ஒரு நாள் நெஜமாவே உள்ள ஆள் இருக்கும்."

"இங்க இருக்கிறது நாலே பேரு. ஒருத்தரு மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாதா?" என்றேன்.

"மூஞ்சி வெளிய இருந்தாத் தெரியும்."

வாய்க்கு வாய் பேசுகிறான் என்று எனக்கு ஏறியது. மாப்பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு மாடிக்குப் போனான். நான் சட்டையைக் கழற்றினேன். அறுபதை நெருங்குகிற கிழவன் உள்ளே போகிறேன், நீ வேடிக்கை பார், அப்புறம் நாலு மணிக்குக் காகிதத்தைப் பார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கைப்பிடியை இறக்கிப் பூட்டு மாட்டிவிட்டு உருளைக்குள் தவழ்ந்தேன்.

உள்ளே சூடு. வெளுப்புத் தூள் நெடி கண்ணைக் கரித்தது. விரிப்பு கயிறு போல முறுக்கிக்கொண்டு அடி இடுக்கில் போயிருந்தது. மல்லாந்து படுத்து, காலை ஒரு பக்கம் முட்டுக் கொடுத்து இழுத்தேன். கொஞ்சம் வந்தது. இன்னும் கொஞ்சம்.

தள்ளுவண்டிச் சக்கரம் கிரீச்சிடுவது கேட்டது. மாப்பிள்ளை திரும்பிவிட்டான்.

"இன்னும் ஓடலியா இது? மேல கெடந்து குதிக்கிறாங்க."

அப்புறம் சாவிகள் உரசுகிற சத்தம். எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். பூட்டு 'டக்' என்று விட்டது.

கத்த வேண்டும் என்று நினைத்தேன். குரல் வரவில்லை. கைப்பிடி மேலே ஏறினால் உருளை விட்ட இடத்திலிருந்து சுற்றும். என் முட்டி மேல் விளிம்பில் இருந்தது, தலை அடியில்.

"கைய எடுங்க." சட்டத்தின் குரல்.

"யோவ், நீ விடு."

"உள்ள ஆள் இருக்கு."

"எந்த ஆளு? மச்சான் பூட்ட எடுக்க மறந்துட்டு டீக்குப் போயிருப்பாரு, தெனம் நடக்கிறதுதானே."

"உங்க மச்சான்தான் உள்ள இருக்காரு."

நான் காலால் உருளையை இரண்டு உதை விட்டேன். வாய் வராதவனுக்கு அதுதான் முடிந்தது.

வெளியே வந்தபோது சட்டத்தின் இரண்டு கையும் கைப்பிடியை அழுத்திப் பிடித்திருந்தன. மணிக்கட்டில் மாப்பிள்ளையின் நகம் கீறிய ரத்தம். மாப்பிள்ளை வெளிறிப்போய் நின்றான். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இஸ்திரி அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள்.

"நீ ஏன் இங்கயே நின்ன?" என்று சட்டத்தைக் கேட்டேன்.

"யாரு உள்ள போனாலும் நிப்பேன். சேந்த நாள்ல இருந்து."

வேலைக் கள்ளத்தனம் என்று நான் நினைத்தது இதைத்தான். நன்றி சொல்லியிருக்கலாம். வரவில்லை.

மாப்பிள்ளை என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனான். "மச்சான், இது நமக்குள்ள இருக்கட்டும். உங்க தங்கச்சிக்குத் தெரிஞ்சா சோறு தண்ணி எறங்காது. எம்மேல மட்டும் தப்பு இல்ல. நீங்க மறந்து மறந்துதானே எனக்கு அந்தப் பழக்கம் வந்துச்சு."

"ஆமா. என் தப்பும்தான். ஆனா இனிமே நீ போர்டத் தொடக்கூடாது, மாப்ளே. நான் சொல்ற வரைக்கும் வண்டி மட்டும் தள்ளு."

"அவனுக்காக என்னையா?"

"எனக்காக. என் தலதானே உள்ள இருந்துச்சு."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அப்ப எங்க வீட்டுப் பக்கம் வந்துராதீங்க."

எனக்கு எழுத வேண்டியதை எல்லாம் இதுவரை அவன்தான் எழுதித் தருவான். சட்டமும் நன்றாக எழுதுவான். இருவரிடமும் கேட்கவில்லை. துணி மூட்டைமேல் உட்கார்ந்து நானே எழுதினேன். கோணல் எழுத்து, ஒரு மணி நேரம் ஆயிற்று. சாவி மாட்டியது நான், திறந்தது இன்னார், தடுத்தது இன்னார், கெட்டது கதவு ஸ்விட்ச். அவ்வளவுதான். போகிற வழியில் ஒரு நகலும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். காகிதம் காணாமல் போகிற கட்டடம் அது.

மேலாளர் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் கேட்டது இது இல்லையே."

"நீங்க கேட்டத எழுதுறதுக்கு ஒன்னும் இல்லீங்க. அவன் மறுத்தது சரி."

"இது மேல போனா மொதல்ல உங்க பொறுப்புதான் போகும். மூணு வாரம்கூட ஆகல. கிழிச்சுப் போடறேன், வேற எழுதுங்க."

"கிழிங்க. எங்கிட்ட இன்னொன்னு இருக்கு."

சாவிக் கொத்தை அவர் மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"நாளைக்கு நீங்க பொறுப்பாளரா இருப்பீங்களா, மாட்டீங்களான்னு எனக்கே தெரியாது," என்றார்.

"இன்னைக்கு இருக்கேன்ல. அந்த ஸ்விட்ச மாத்துற வரைக்கும் ரெண்டாம் நம்பர் ஓடக்கூடாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"காலையில போடறேன், போங்க."

நான் அங்கிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் பேனாவைத் தேடி எடுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. மை காய்கிற வரை நான் எழுந்திருக்கவில்லை.